வாக்கர் வேண்டாம், தரை போதும்

கிழக்கு தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்டு போக மிஞ்சுவது கொஞ்சம் தரைதான். குழந்தைக்கு ஆறேழு மாதம் ஆனதும் அந்த இடத்தையும் ஒரு பிளாஸ்டிக் வாக்கர் பிடித்துக்கொள்கிறது. மாமாவோ சித்தியோ ஆசையாக வாங்கித் தந்தது. பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும்.

அதில் உட்கார்ந்த குழந்தையின் காலைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உடம்பின் பாரத்தைத் துணி இருக்கை தாங்கிக்கொள்கிறது. குழந்தை நுனிக்காலால் உந்தி வழுக்கிப் போகிறது. தடுமாறி, சமாளித்து, தானே நிற்கும் பயிற்சிக்கு அங்கே வேலையே இல்லை. அசந்த நேரத்தில் படிக்கட்டு விளிம்புக்குப் போய்விடும். இத்தகைய விபத்துகளால்தான் கனடா 2004-இல் வாக்கர் விற்பனைக்கே தடை போட்டது.

நம் ஊர் மர நடைவண்டி வேறு ரகம். எழுந்து நின்ற குழந்தைதான் அதைத் தள்ள முடியும். பாரம் முழுக்கக் காலில். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“எதிர்வீட்டுப் பாப்பா பத்து மாசத்துலயே நடந்துடுச்சே!” என்ற கவலைதான் பல வீடுகளில் வாக்கரைக் கொண்டுவருகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்குப்படி, எட்டு மாதம் முதல் பதினேழரை மாதம் வரை எப்போது தனியாக நடந்தாலும் இயல்புதான். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலேயே நடந்துவிட்டார்கள். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டால் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

அதே நிறுவனம் 2019-இல் சொன்னது: தவழத் தொடங்காத குழந்தையை, விழித்திருக்கும்போது, விட்டுவிட்டு நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புறப் போடுங்கள். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கும் செல்போன் கூடாது. சோறு ஊட்டக் கார்ட்டூன் போடும் வீடுகளுக்கு இது கசக்கும்.

ஆடி ஓட உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பதைத் தராசு காட்டிக்கொடுக்கும். 1980-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஊர் ஊராகக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாதவர்களைப் பொறுக்கியெடுத்துத்தான் சத்துணவு கொடுத்தது. இன்று அங்கன்வாடிகளிலும் எடை, உயரம் பார்க்கிறார்கள்; இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்து அளப்பார்கள். ஒரு மாத எடையைவிட, வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா, படுக்கிறதா என்பதே முக்கியம்.

அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுங்க வேண்டாம். அது எல்லாக் குழந்தைகளுக்குமானது. உங்கள் தெருவுக்குரிய மையம் எது என்று கேட்டு, இந்த மாதமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் எடை பாருங்கள்.