மந்தைக்கு உரியவர் உண்டு, கிணற்றுக்கு?



இடம் பெயர்ந்து கால்நடை மேய்ப்போரின் வாழ்வை அரசியல் மாறுதல் எவ்வாறு தாக்குகிறது என்பதற்கு மங்கோலியா நாட்டை எடுத்துக்கொள்வோம். செம்மறி, வெள்ளாடு, மாடு, குதிரை, ஒட்டகம் ஆகிய ஐந்துமே அந்நாட்டாரின் செல்வம். கம்பளிக் கூடாரத்தைப் பிரித்தேற்றிக்கொண்டு பருவத்துக்கொரு புல்வெளியை நாடிச் செல்வது அவர்கள் வழக்கம்.

1930ஆம் ஆண்டையொட்டி, மந்தைகளைக் கூட்டுப் பண்ணையில் சேர்க்குமாறு அரசு வற்புறுத்தியது. மேய்ப்போர் கிளர்ந்தெழுந்தனர், 1932இல் திட்டம் கைவிடப்பட்டது. 1950களின் இறுதியில் அது மீண்டும் வந்தது. 1960க்குள் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் சேர்ந்துவிட்டன. மந்தை பண்ணையுடையதாயிற்று, மேய்ப்பவர் கூலி பெறுபவரானார். குறைகள் பல இருந்தன. ஆயினும் ஆழ்கிணறு வெட்டிப் பேணுதல், குளிர்காலத்திற்கு உலர்ந்த புல் சேர்த்தல், கால்நடை மருத்துவம் ஆகியவை பண்ணையின் பொறுப்பாயிருந்தன.

1990இல் ஆட்சிமுறை மாறியது. பண்ணைகள் கலைக்கப்பட்டு, மந்தைகள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. வேலையிழந்த நகரத்தாரும் மேய்க்கத் திரும்பினர். சுமார் ஒன்றரை லட்சமாயிருந்த மேய்ப்போர் தொகை பத்தாண்டுக்குள் நான்கு லட்சத்தைத் தாண்டியது. மேய்ச்சல் நிலம் தனியார் உடைமையாகலாகாது என்று 1992ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விதித்தது, அது நன்றே. ஆனால் கிணற்றைப் பேணுவார் யார்? பல கிணறுகள் பழுதுற்றுக் கிடந்தன. நீருள்ள இடத்தில் மந்தைகள் நெருங்கிப் புல் தேய்ந்தது. நீரற்ற இடத்துப் புல் மேய்வாரின்றி நின்றது. பொதுக் கிணற்றின் இக்கதை நமக்கும் புதிதன்று.

கோடையில் மழை பொய்த்துப் புல் குறையும். அடுத்த குளிர்காலத்தில் பனி உறைந்து, குளம்பால் கிளறவும் இயலாதபடி நிலத்தை மூடும். இதனை அவர்கள் ‘ஜுத்’ என்பர். 1999 முதல் 2002 வரை மூன்று குளிர்காலங்களில் சுமார் ஒரு கோடி கால்நடைகள் மடிந்தன. 2009-10இல் ஒரே குளிர்காலத்தில் ஏறக்குறைய அத்தனை. மந்தையிழந்தோர் பலர் தலைநகராகிய உலான்பாத்தரின் ஓரத்தில் குடியேறினர். கூடாரம் அதே கூடாரந்தான்; இப்போது அதைச் சுற்றி வேலி.

எஞ்சியோர் வாளாவிருக்கவில்லை. பழைய பண்ணை திரும்ப வேண்டுமென்றும் காத்திருக்கவில்லை. பல இடங்களில் அண்டைக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து, எப்புல்வெளியை எப்பருவத்தில் மேய்ப்பது, எதனைக் குளிர்காலத்திற்கென விட்டுவைப்பது என்று உடன்பாடு செய்துகொண்டன; கிணற்றையும் சேர்ந்தே செப்பனிட்டன. ஆனால், பஞ்ச காலத்தில் வேற்றிடத்து மந்தை வந்து நின்றால் விலக்குவதா, இடமளிப்பதா? முன்னோர் வழக்கப்படி இடமளிக்க வேண்டும். உடன்பாட்டின்படி விலக்க வேண்டும். அவ்வழக்கு அங்கே இன்னும் தீரவில்லை.