சிறகின் ஓரத்தில் ஒரு பலகை



பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் விமானத்தின் சிறகைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். "ஐயா, சிறகின் பின்புறத்தில் தாழ்ந்து இறங்கும் பலகைகளில் பல வகை உண்டு என்றீர்களே, அவற்றுள் மிகச் சிறந்தது எது?" என்று வினவினான். நானும் தயங்காமல் ஒரு வகையின் பெயரைச் சொல்லி அவனை உட்காரச் செய்தேன். அது முழுமையான விடையன்று என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். அன்று பட்ட கடனை இன்று வானொலி வாயிலாகத் தீர்க்க முயல்கிறேன்.

அப்பலகைக்கு ஃபிளாப் என்று பெயர். அதன் தேவை யாது என்பதை முதலில் காண்போம். விமானம் மேலே ஏறுவதைக் கண்டு நாம் வியக்கிறோம். விமானியின் திறமைக்கு உண்மையான சோதனையோ இறங்குவதில்தான் இருக்கிறது. சிறகு தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மற்றவை மாறாதிருக்க, வேகம் பாதியானால் தூக்குவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். தரையில் பத்திரமாக இறங்க வேண்டுமாயின் மெதுவாக வரவேண்டும். மெதுவாக வந்தாலோ சிறகு தாங்காது. விமானத்தின் மூக்கைச் சற்றே உயர்த்தி ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் உயர்த்தினால், காற்று சிறகின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லாமல் பிரிந்து சுழலும். தூக்குவிசை திடீரெனக் குன்றிவிடும். தரைக்கு அருகில் அவ்வாறு நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இராது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தபால் அட்டை ஒன்றை மேசை விசிறியின் முன் அதன் முன்விளிம்பைப் பிடித்துக் கிடையாக நிறுத்துங்கள். பிறகு அட்டையின் பின்விளிம்பைச் சற்றே கீழ்நோக்கி மடித்து மீண்டும் பிடியுங்கள். அட்டை மேலே எழ முயல்வதையும், அதே வேளையில் பின்னோக்கி இழுக்கப்படுவதையும் விரல்கள் உணரும். ஃபிளாப்பின் தத்துவம் முழுதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒரு கையால் அது தூக்குவிசையைத் தருகிறது. மறு கையால் வேகத்தைப் பறிக்கிறது.

தொடக்ககாலச் சிறு விமானங்கள் பலவற்றில் ஃபிளாப் இல்லை. 1931-இல் முதலில் பறந்த டைகர் மாத் விமானத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டடுக்குச் சிறகுகள், இடையே கம்பங்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். காற்றின் தடைக்கு அங்கே பஞ்சமே இல்லை. அமெரிக்காவின் பைப்பர் ஜே-3 கப் விமானத்திலும் ஃபிளாப் கிடையாது. செங்குத்தாக இறங்க வேண்டுமாயின் விமானி விமானத்தை ஒருபுறம் சாய்த்து, பக்கவாட்டில் சறுக்கவிடுவார்.

காலப்போக்கில் கம்பிகள் நீங்கின, உடல் வழவழப்பாயிற்று. அதனால் வேறொரு சங்கடம் முளைத்தது. தடை குறைந்த விமானம், இறங்கும் திடலையும் தாண்டி மிதந்து போகலாயிற்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தில் இதற்கொரு வேடிக்கையான வழி செய்திருந்தார்கள். சக்கரக் கால்களைச் சுற்றியிருந்த உறைகளைக் குறுக்காகத் திருப்பினால், அவையே காற்றைத் தடுக்கும் பலகைகளாகிவிடும். வின்சென்ட் என்னும் விமானி பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைத் தொடர்ந்து கொண்டுவந்தார். ஆனால் அவ்வுறைகள் வேகத்தைக் குறைத்தனவேயன்றித் தூக்குவிசையைக் கூட்டவில்லை. இரண்டையும் ஒருங்கே செய்வது ஃபிளாப்.

அதில் நால்வகை முக்கியமானவை. முதலாவது, எளிய ஃபிளாப். சிறகின் பின்பகுதியே கீலில் திரும்பிக் கீழே தாழும். 1946-இல் வெளிவந்த செஸ்னா 140 விமானத்தில் இத்தகைய சிறு ஃபிளாப் உண்டு. அதன் உடன்பிறப்பான செஸ்னா 120 ஃபிளாப் இன்றி, விலை குறைவாக வந்தது. எளிய ஃபிளாப் இலேசானது, பழுதாவதும் அரிது. எனினும் அதிகமாகத் தாழ்த்தினால் மேற்பரப்பில் காற்று பிரிந்துவிடும்.

இரண்டாவது, பிளவு ஃபிளாப். சிறகின் மேற்பரப்பு அசையாதிருக்க, அடித்தகடு மட்டும் வாய் திறந்தாற்போல் கீழே இறங்கும். ரைட் சகோதரர்களுள் இளையவரான ஆர்வில் ரைட், ஜேக்கப்ஸ் என்பவருடன் சேர்ந்து 1924-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1937-இல் வந்த மைல்ஸ் மாஜிஸ்டர் என்னும் பயிற்சி விமானத்திலும், புகழ்பெற்ற டகோட்டாவிலும் இவ்வகையே அமைந்தது. தூக்குவிசையைவிடத் தடையை மிகுதியாகத் தருவது இதன் இயல்பு.

மூன்றாவது, இடைவெளி ஃபிளாப். சிறகுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சிறு சந்து விடப்படும். அடியிலிருந்து அச்சந்தின் வழியே பாயும் காற்று, மேற்பரப்பில் சோர்ந்து பிரியவிருக்கும் காற்றுக்கு ஊக்கமளித்துத் தழுவிச் செல்லச் செய்யும். 1936-இல் பறந்த ஜெர்மானிய ஸ்டார்க் விமானம் இதனையும், முன்விளிம்பில் நிலையான தகடுகளையும் கொண்டு, மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்திலும் மிதக்க வல்லதாயிற்று.

நான்காவது, அமெரிக்கரான ஹார்லன் ஃபவுலர் 1920-களில் கண்டது. பலகை முதலில் பின்னோக்கி நகரும், பிறகு தாழும். வளைவும் கூடுகிறது, சிறகின் பரப்பும் பெருகுகிறது. அன்று என் மாணவனுக்கு நான் சொன்ன பெயர் இதுவே.

அப்படியாயின் எல்லா விமானங்களும் இதனையே ஏற்றிருக்க வேண்டுமன்றோ? ஏற்கவில்லை. தண்டவாளம் வேண்டும், உருளை வேண்டும், எடை ஏறும், செலவும் ஏறும். ஆகவே சிறு விமானங்கள் அதன் சுருங்கிய வடிவத்தையே பெரும்பாலும் கொண்டன. 1952-இல் செஸ்னா 170பி, இடைவெளியும் ஓரளவு பின்நகர்வும் கொண்ட அகன்ற ஃபிளாப்புடன் வந்தது. அது 40 பாகை வரை தாழும். பின்வந்த 150, 172 ஆகியவற்றிலும் அந்த 40 பாகை இருந்தது.

அதனால் விளைந்த இடர் ஒன்றுண்டு. விமானி இறங்க வருகிறார். ஓடுபாதையில் ஏதோ தடை. மீண்டும் மேலேற முடிவு செய்கிறார். முழுதும் தாழ்ந்த ஃபிளாப்போ பெரும் தடையாக நிற்கிறது. சிறிய எஞ்சினோ ஏறத் திணறுகிறது. அஞ்சி ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால், தூக்குவிசை போய் விமானம் அமிழும். சிறிது சிறிதாகவே மடக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு மாதிரியான செஸ்னா 152-இலும், 1981-இன் 172பி-யிலும் அந்த எல்லை 30 பாகையாகக் குறைக்கப்பட்டது. குறுகிய திடலில் செங்குத்தாக இறங்கும் வசதியைச் சற்றே விட்டுக்கொடுத்ததால், மீண்டும் ஏறுவது எளிதாயிற்று.

இயக்கும் முறையிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். பைப்பர் செரோக்கியில் இருக்கைகளுக்கு நடுவே, காரின் கைத்தடைபோல் ஒரு நெம்புகோல். இழுத்தால் 10, 25, 40 பாகை எனப் படிப்படியாகத் தாழும். அதற்கு மின்சாரம் வேண்டா. எந்தப் படியில் நிற்கிறதென்பதைக் கையே உணரும். 1965-இன் செஸ்னா 172 மாதிரியிலோ மின்மோட்டார் வந்தது. உழைப்பு குறைந்தது, மின்சாரம் தவறாதிருக்க வேண்டும் என்ற கவலை கூடிற்று.

மாணவச் செல்வங்களே, "எது சிறந்தது?" என்ற வினா அரை வினா. "எதற்குச் சிறந்தது? அதற்கு என்ன விலை?" என்னும் இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் அது முழுமை பெறும். புல்வெளியில் மெல்லப் பறக்கும் கப் விமானத்துக்கு ஃபிளாப் இல்லாமையே பொருத்தம். குறுகிய நிலத்தில் இறங்கவேண்டிய ஸ்டார்க்குக்கு அதன் பெரிய ஃபிளாப்பே உயிர். என் பழைய மாணவன் இன்று எங்கிருப்பினும், இவ்விடை அவன் செவிக்கு எட்டுமாயின், என் கடன் தீர்ந்தது.