பத்திரம் குறுகியது, வரிசை நீண்டது

(விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காகக் காணியை ஈடு வைத்தவர்கள் இம்மண்டபத்திலே பலர் இருக்கிறீர்கள். அவ்வாறு படிப்பிக்கப்பட்டு இன்று உத்தியோகம் பார்ப்பவர்களும் இருக்கிறீர்கள். ஆகவே படிப்புக்குப் பணம் தேடுவது எத்தகைய பாடு என்பதை உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அப்பணத்தைக் கொடுக்கும் கந்தோரைப் பற்றியது. அக்கந்தோருக்குள் இயந்திரம் புகுந்தபோது நடந்ததைப் பற்றியது. நம்மூர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உதவிப்பண விண்ணப்பங்களைக் கணினி வழியே வாங்கத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்விடயத்திலே பட்ட பாட்டை நாம் அறிந்துகொள்வது நன்று.

1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, ஜனாதிபதி ஜோன்சன், டெக்சாஸ் மாநிலத்தின் சான் மார்க்கோஸ் நகரிலே தாம் படித்த கல்லூரிக்கே சென்று, உயர்கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். சில்லறை வேலைகள் செய்தும் கடன்பட்டும் அங்கே படித்தவர் அவர். 1972ஆம் ஆண்டிலே, வறிய மாணவர்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாத கொடைப்பணம் வழங்கும் ஏற்பாடும் வந்தது. பின்னர் அது செனற்றர் கிளேபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்றது. 2024-25ஆம் கல்வியாண்டில் அதன் உச்சத்தொகை 7,395 டொலர்.

பணம் உண்டு; பெறுவதற்கு உரிமையும் உண்டு. ஆனால் இடையிலே ஒரு பத்திரம் கிடந்தது. நூறுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட பத்திரம்! கல்லூரி என்று நாம் சொல்வது அங்கே பல்கலைக்கழகப் படிப்பைக் குறிக்கும் என்பதை மனத்திற் கொள்ளுங்கள். அத்தகைய ஒவ்வொரு கல்லூரியிலும் உதவிநிதிக் கந்தோர் ஒன்று உண்டு. மத்திய அரசாங்கம் அப்பத்திரத்தைக் கணக்கிட்டு அனுப்பிய பின்னரே, இன்ன பிள்ளைக்கு இவ்வளவு என்று அக்கந்தோர் எழுத முடியும்.

இப்பத்திரத்தைச் சுருக்குவதற்கு 2020ஆம் ஆண்டு டிசம்பரிலே சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம், அதை நாம் குறை கூறவில்லை. கேள்விகள் 46க்கு மேற்படாமல் குறைக்கப்பட்டன. பெற்றோர் சம்மதித்தால் அவர்களது வருமானக் கணக்கை வருமானவரிப் பகுதியிலிருந்தே கணினி நேராக எடுத்துக்கொள்ளும். விவசாயி தன் வரவு செலவைத் திரும்பவும் எழுதி, ஓர் இலக்கம் பிழைத்துவிட்டதே என்று அலையவேண்டியதில்லை. இயந்திரத்துக்கு இதைவிடத் தகுந்த வேலை வேறு எது?

ஆனால் நடந்தது என்ன? வழக்கமாக அக்டோபர் முதலாம் திகதி திறக்கவேண்டிய விண்ணப்பம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதிதான் திறந்தது. தொடக்கத்திலே நாளொன்றுக்குச் சிறிது நேரம் திறந்து மூடிக்கொண்டது. விலைவாசி ஏற்றத்துக்கேற்பக் கணக்கிலே சேர்க்கவேண்டிய கழிவைச் சேர்க்க மறந்திருந்தார்கள்! குடும்பங்கள் இருப்பதைவிடச் செல்வமுடையனவாகக் கணக்கு காட்டிற்று. அதைத் திருத்தாது விட்டிருந்தால் மாணவர்க்கு நட்டம் 180 கோடி டொலர். ஜனவரியில் கல்லூரிகளுக்குப் போகவேண்டிய கணக்குகள் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயின. சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாத பெற்றோரின் பிள்ளைகள், தாம் அந்நாட்டுப் பிரசைகளாகவே இருந்தும், பல வாரங்கள் பத்திரத்தை முடிக்க வழியின்றி நின்றனர்.

தொலைபேசியிலே கேட்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். முதல் ஐந்து மாதங்களிலே உதவி நிலையத்துக்கு வந்த அழைப்புக்கள் 54 இலட்சம். அவற்றுள் ஏறத்தாழ 40 இலட்சம் அழைப்புக்களை எடுத்துப் பதில் சொல்ல ஆளில்லை. இதைச் சொன்னவர்கள் எதிர்க்கட்சியினரல்லர். அந்நாட்டுக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமே 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்டது. முதன்முறை விண்ணப்பித்தோர் தொகை அவ்வாண்டு 9 வீதம் குறைந்தது. பத்திரம் குறுகியது; வரிசை நீண்டது.

விவசாயப் பெருமக்களே, உங்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. பழைய கணக்கிலே, குடும்பம் குடியிருந்து பயிரிடும் பண்ணைக் காணி சொத்தாக எண்ணப்படவில்லை. அந்த விலக்கைப் புதிய சட்டம் நீக்கிவிட்டது. அயோவா மாநிலத்தின் நல்ல நிலம் ஏக்கர் 10,000 டொலருக்கு மேல் விலைபோகும். 100 ஏக்கர் என்பது அங்கே சிறிய பண்ணை. ஆயினும் கடனற்ற அக்காணி 10 இலட்சம் டொலர் சொத்தாயிற்று. அக்குடும்பம் ஓராண்டுப் படிப்புக்குப் பல்லாயிரம் டொலர் மேலதிகமாகக் கொடுக்கக்கூடியது என்று கணினி தீர்ப்பளித்தது. காணியை விற்றால் கொடுக்கலாம், உண்மை. விற்ற பின் எதைப் பயிரிடுவது? இக்கேள்வி கணினியிடம் இல்லை. கணினியைத் திட்டிப் பயனுமில்லை. விலக்கை நீக்கியவர்கள் மனிதர்கள். 2025ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சட்டத்தினாலேதான் 2026-27ஆம் கல்வியாண்டு முதல் அவ்விலக்கு மீண்டது. இடையிலே இரண்டு கல்வியாண்டுகள் போய்விட்டன.

இன்னொன்று. 2024-25ஆம் ஆண்டு உதவிக்குக் கணினி எடுத்தது 2022ஆம் ஆண்டு வருமானம். இரண்டு வருடத்திலே ஒரு வீட்டில் என்னென்னவோ நடக்கும். தகப்பன் இறந்திருப்பான், ஆலை மூடப்பட்டிருக்கும், தாய் நோயிலே விழுந்திருப்பாள். வரிக்கணக்கு அப்படியே பழைய நல்ல காலத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இதற்காகவே உயர்கல்விச் சட்டம், கல்லூரியின் உதவிநிதி உத்தியோகத்தருக்கு ஓர் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனித்தனியே கேட்டு, சான்று வாங்கி, காரணத்தை எழுதி வைத்து, கணக்கிலே உள்ள இலக்கத்தை அவர் மாற்றலாம். இதைச் செய்ய நேரம் வேண்டும். கணினி வந்து பதிவு வேலையை ஏற்றுக்கொண்டால் மிஞ்சும் நேரம் இதற்குத்தான் போகவேண்டும் என்பது நமது துணிபு. 2024ஆம் ஆண்டு வசந்த காலத்திலோ, அந்நேரமெல்லாம் பிழைபட்ட கணக்குகளைத் திருத்துவதிலேயே கழிந்தது. வேலை குறையுமென்று இலிகிதர்களைக் குறைக்க எண்ணும் நிருவாகிகள் இங்கே யாராவது இருப்பின், தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

சரி, இயந்திரத்தை நன்றாகப் பயன்படுத்திய இடம் இல்லையா? உண்டு. 2008ஆம் ஆண்டு, ஒகையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் சார்லட் நகரிலும் ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சோதனை செய்தார்கள். வருமானவரிக் கணக்கு நிரப்பித்தரும் கந்தோருக்கு வந்த, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களிடம், "உங்கள் பிள்ளைக்கு உதவிப்பணப் பத்திரத்தையும் இப்போதே நிரப்பித் தருகிறோம்" என்றார்கள். வரிக்கணக்கிலிருந்த விபரங்களைக் கணினி தானே பத்திரத்துக்கு மாற்றியது. மிஞ்சிய கேள்விகளை எதிரே இருந்தவர் கேட்டு எழுதினார். பத்து நிமிடமும் ஆகவில்லை. அவ்வாறு உதவி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுள் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தோர் 28 வீதத்திலிருந்து 36 வீதமாயினர்.

அதே சோதனையிலே வேறொரு கூட்டத்தாருக்கு, இவ்வளவு உதவி கிடைக்கலாம் என்ற விபரத்தை மாத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, நிரப்பும் வேலையை அவர்களிடமே விட்டார்கள். அதனால் ஒரு பயனும் விளையவில்லை. பின்னர் வேறு ஆராய்ச்சியாளர்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவருக்குக் கடிதங்களும் கைத்தொலைபேசிச் செய்திகளும் மின்னஞ்சல்களும் அனுப்பிப் பார்த்தார்கள். கல்லூரியிற் சேர்ந்தோர் தொகை அசையவில்லை. எட்டு இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்புவது இன்று ஒரு விரலின் வேலை. ஒருவர் பக்கத்தில் பத்து நிமிடம் இருப்பதுதான் வேலை.

அட்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் செய்ததையும் சொல்லவேண்டும். சிறு கட்டண நிலுவைக்காக, பட்டம் பெறும் தறுவாயில் உள்ள மாணவர்கள் தவணைதோறும் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டு வந்தனர். 2011ஆம் ஆண்டு முதல், நிலுவைப் பட்டியலையும் படிப்புப் பதிவையும் கணினியிலே ஒப்பிட்டு, வேறு உதவி எல்லாம் தீர்ந்துபோனவர்கள் யார், படிப்பில் நன்றாக முன்னேறுகிறவர்கள் யார் எனக் கந்தோரே தேடத் தொடங்கிற்று. சராசரி 900 டொலரளவில் கொடை. மாணவன் கைகட்டி நின்று விண்ணப்பிக்கவில்லை. கந்தோர் அவனைத் தேடிச் சென்றது! கேட்பதற்கு வெட்கப்பட்டே படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் அறிவோம், நீங்களும் அறிவீர்கள். ஆதலால் இச்செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது.

அதே பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டு கோடையிலே, புதிய மாணவரின் கேள்விகளுக்குக் கைத்தொலைபேசியிற் பதில் கூறும் கணினி ஒன்றை வைத்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள்! பின்னிரவிலே, 'இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன' என்று வெட்கமின்றிக் கேட்க முடிந்தது. பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் கந்தோர் ஊழியர்கள். கணினிக்குத் தெரியாதது அவர்களிடமே திரும்பி வந்தது. இடம் கிடைத்தும் சேராது விடுவோர் தொகை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபரிலே, முன்னைய ஆண்டு சூடுபட்ட அமெரிக்க அரசாங்கம், அடுத்த பத்திரத்தை முதலில் சிறு சிறு குழுக்களிடம் கொடுத்துச் சோதித்தது. நவம்பரிலேதான் எல்லோருக்கும் திறந்தது. இதைச் செய்வதற்கு அரசாங்கமாக இருக்கவேண்டியதில்லை. உதவிப்பண விண்ணப்பங்களைக் கணினியிலே கோரவிருக்கும் சங்கத்தார் எவரேனும் இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் நம்மைச் சந்தியுங்கள். வெளியே நிற்கும் பிள்ளைகளுள் நாலு பேரிடம், அவர்களது சொந்தத் தொலைபேசியிலேயே, அப்பத்திரத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்ப்போம்.