உடம்பில் காயம் இல்லையாம்!

"அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?" பாலியல் வன்கொடுமைச் செய்தி வந்தாலே நம்மில் பலர் கேட்பது இதைத்தான்.

1972-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு பதின்ம வயது ஆதிவாசிப் பெண் இருந்த இடம் காவல் நிலையம். புகார் விஷயமாக வந்தவள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சொந்தங்கள் வாசலில் காத்திருக்க, உள்ளே கொடுமை நடந்தது.

செஷன்ஸ் நீதிமன்றம் அவள் ஒழுக்கத்தை ஆராய்ந்து காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றமோ, உடம்பில் காயமில்லை, கூச்சலிட்டதை நம்பமுடியவில்லை என்று மறுபடி விடுவித்தது. காக்கிச் சட்டைக்கு முன்னால் ஓர் ஏழைப் பெண் எப்படிக் கத்துவாள்? எனக்கு இன்றும் ஆறவில்லை.

1979-ல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் மாறியது: காவலில் உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அவள் சாட்சி சொன்னால், சம்மதமில்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண் இப்படியொன்றைச் சொல்ல வாய் திறந்தால், குறுக்குக் கேள்வி வேண்டாம். முதலில் நம்புங்கள். உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது.