பனிக்காலத்துக்குப் பரங்கிச் சாறு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பரங்கிக்காய் என்றறிந்ததும் நண்பர் சிலர் நகைத்தனர். அடுப்படியைப் பற்றி ஆடவர் பேசுவதா என்று தாய்மார்களும் எண்ணக்கூடும். ஆயினும் கடந்த மார்கழியில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே எம்மை இங்கு நிறுத்தியிருக்கிறது.

எழுபத்தைந்தைக் கடந்த எம் அன்னையார் தஞ்சைச் சீமையிலிருந்து எம்முடன் வாழ வந்தவர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரின் குளிர் அவர்க்குப் புதிது. 1884 ஜனவரி 13 அன்று இங்கு வெப்பநிலை 7.8 டிகிரிக்கு இறங்கியதாகப் பதிவு உண்டு. இன்று அவ்வளவு குளிர் இல்லையெனினும் முதிய உடம்புக்கு இதுவே மிகுதி. பல்லில்லை, சோறு இறங்கவில்லை. பத்து நாட்கள் அரைத் தம்ளர் கஞ்சியோடு கழிந்தன. "என்னை ஊருக்கே அனுப்பிவிடுடா" என்றார். ஊரிலோ வீடு பூட்டிக் கிடக்கிறது.

கடைப் பொட்டலத்து சூப்பைக் காய்ச்சிக் கொடுத்தோம். "துரைமார் குடிக்கிறது எனக்கெதுக்கு?" என்று ஒதுக்கிவிட்டார். அப்போதுதான் பரங்கியின் நினைவு வந்தது.

இந்நகருக்கு வந்த புதிதில் நம்மில் பலர் பட்ட பாடு ஒன்றுண்டு. சந்தையில் "பரங்கி" என்று கேட்டால் பப்பாளியை எடுத்து நீட்டுவர். கன்னடத்தில் பரங்கி ஹண்ணு என்பது பப்பாளி. நம் பரங்கிக்காயோ அங்கே சிஹி கும்பளகாயி. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரால் வந்தவை. அவ்வையரோப்பியரையே பரங்கியர் என்றனர். வந்தேறிய காய்தான்; ஆயினும் இன்று அதை அயலார் என்பார் எவருமில்லை.

இனிச் செய்முறை. நன்கு பழுத்த பரங்கி ஒரு கிலோ எடுத்து, விதை நீக்கித் தோலோடு துண்டங்களாக்கி, நல்லெண்ணெய் தடவுக. கனத்த தோசைக்கல்லில் வெட்டுமுகம் கீழாக வைத்து மூடி, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம், இடையிடையே திருப்பிச் சுடுக. முகம் செம்பழுப்பாகிக் கத்தி தடையின்றி இறங்குவதே பதம். பத்துச் சின்ன வெங்காயமும் ஆறு பல் பூண்டும் அதே கல்லில் வதங்கட்டும்.

ஏன் சுட வேண்டும்? பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. நீரில் வேகவைத்தால் சாறு சப்பென்றிருக்கும். சுட்டால் நீர் ஆவியாகி இனிப்பு திரளும். சிவந்த முகம் மணம் தரும்.

சதையை வழித்து, ஆறிய பின்னரே மிக்சியில் அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளிவிடும். நான்கு தம்ளர் நீர், பொடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, தட்டிய இஞ்சி, உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுக. இறக்கிய பின் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். ஆறு பேர் அருந்தலாம். பரங்கியின் மஞ்சள் நிறப்பொருள் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. கொழுப்பு சேர்ந்தால் உடல் அதை நன்கு ஏற்கும். ஆகவே எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வீண் ஆடம்பரமல்ல.

"அம்மா, இது மிளகுத்தண்ணி, பரங்கிக்காய் போட்டது" என்று கொடுத்தோம். அது பொய்யன்று. நம் மிளகுத்தண்ணீரையே ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டில் முல்லிகட்டானி என்று தம் மேசைக்குக் கொண்டு சென்றனர். துரைமார் குடித்ததும் நம் வீட்டு அடுப்பில் பிறந்ததே. அன்னையார் ஒரு வாய் அருந்தினார். பிறகு தம்ளர் காலியாயிற்று. மறுநாள் மாலை, "நேத்து மிளகுத்தண்ணி மிச்சம் இருக்கா?" என்று அவரே கேட்டார். ஊர் நினைவை அவர் விட்டாரில்லை. ஆனால் அனுப்பச் சொல்வதை விட்டார்.

அன்பர்களே, பசியின்மை நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை. குளிருக்கு ஒடுங்கிய முதியோர் உங்கள் இல்லத்திலும் இருப்பின், இம்மார்கழியில் ஒருமுறை இச்சாற்றைக் காய்ச்சுங்கள். முதல் தம்ளரை அவர்க்குக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அருகே அமர்ந்திருங்கள்.