கொல்லைப்புறத் தளமும் அதன் அடிநிலமும்

(கிராமவாசிகள் கூட்டத்திற்குரிய பிரசங்கம்)



கிராமத்து வீடுகளில் பெண்மக்கள் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்குமிடம் கொல்லைப்புறம். பாத்திரம் துலக்குவதும், புழுக்கிய நெல்லை உலர்த்துவதும், குழந்தைகளை நீராட்டுவதும் அங்கேயே. ஆயினும், வீட்டினுள் சிமெண்டுத் தரை போட்டவர்களுட் பலர் கொல்லையைச் சேறாகவே விட்டுவிடுகின்றனர். தேங்கிய கழிவு ஜலத்தில் கொசு முட்டையிடுகிறது. ஏறக்குறையப் பத்து நாட்களில் அது சிறகுள்ள கொசுவாகிவிடுகிறது. யானைக்கால் நோய்க்குரிய நுண்புழு கொசுவின் உடலில் வளர்கிறதென்பதை, பாட்ரிக் மான்சன் என்னும் வைத்தியர் சீன தேசத்து அமாய் நகரில் 1877-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஆகையால், கொல்லையில் ஒரு சிறு தளம் அமைத்தல் ஆடம்பரமன்று. குடும்பத்தின் சௌக்கியத்திற்கு அவசியமானதே.

இத்தளத்தை வீட்டாரே அமைத்துக்கொள்ளலாம். ஆனால், பலர் செய்யும் பிழை யாதெனில், மண்ணின்மேல் நேரே செங்கல்லைப் பரப்பிவிடுவதாகும். ஐப்பசி மழை பெய்தவுடன் கல் ஒருபுறம் தாழ்ந்து மறுபுறம் எழும்பும். பள்ளங்களில் ஜலம் நிற்கும். பணமும் வீண், கொசுவும் ஒழியாது. தளத்தின் ஆயுள் மேலே தோன்றும் கல்லில் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத அடிநிலத்திலேயே இருக்கிறது.

முதலாவது, இடத்தைக் குறித்தல். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் சிறு குடும்பத்திற்குப் போதும். நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டவேண்டும். சுவரோரக் கயிற்றில் மூலையிலிருந்து 3 அடியும், அதனைச் சந்திக்கும் கயிற்றில் 4 அடியும் அளந்து குறித்து, அவ்விரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருக்குமாயின் மூலை சரியானதே. பெருமரத்தின் அருகே தளம் வேண்டாம். வேர் பருத்துக் கல்லைத் தூக்கிவிடும்.

இரண்டாவது, மண்ணை வெட்டியெடுத்தல். செங்கல்லுக்கு 3 அங்குலம், மணலுக்கு 1 அங்குலம், சரளைக்கு 4 அங்குலம், ஆக 8 அங்குலம் ஆழம் வேண்டும். இதற்கு 80 கன அடி மண் வெளியேறும். புல், வேர், மரத்துண்டு ஒன்றும் குழியில் தங்கலாகாது. அவை மக்கிப் பள்ளமாகும், கரையானுக்கும் இரையாகும். எடுத்த மேல்மண் வளமுள்ளதாகையால் காய்கறிப் பாத்திக்கு உதவும். கரிசல் நிலமாயின், அது மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இயல்பினது; இன்னும் ஓரடியேனும் ஆழமாக வெட்டி, அவ்விடத்தைச் சரளையால் நிரப்புதல் நலம்.

மூன்றாவது, வாட்டம். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரைக்கு அரையடியேனும் தாழ்ந்திருக்கவேண்டும். இன்றேல் சுவரில் ஈரம் ஏறும். சுவரிலிருந்து வெளிப்புறமாக அடிக்குக் கால் அங்குலம் வீதம், 10 அடிக்கு 2½ அங்குலம் சரியவேண்டும். குழியின் அடியையே இவ்வாட்டத்தில் வெட்டுக. மணலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கும் வாட்டம் நிலைக்காது.

நான்காவது, திமிசு போடுதல். மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டால் சில துண்டுகளாக உடையவேண்டும். அதுவே இடிப்பதற்கேற்ற பதம். பொடியானால் ஜலம் தெளிக்க, சேறானால் உலரவிடுக. குழியின் அடியை இடித்தபின், சரளையை ஒரே தடவையில் கொட்டாமல் இரு படையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் தனித்தனியே திமிசுக்கட்டையால் இடிக்கவேண்டும். இடித்தபின் சரளை இறுகுமாதலால், 40 கன அடிக்குச் சுமார் 50 கன அடி சேகரிப்பது உசிதம். குதிகாலால் அழுத்தினால் தடம் பதியாதிருப்பதே போதுமான இறுக்கத்திற்கு அடையாளம்.

தை அறுவடைக்குப் பின் ஓய்வுள்ள நாட்களில் அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து இவ்வேலையை முடிக்கலாம். கல் பதிக்குமுன், இடித்த நிலத்தின்மேல் சுவரோரமாக ஒரு குடம் ஜலம் ஊற்றிப் பார்க்கவேண்டும். அது எங்கும் குட்டையாக நில்லாமல் வெளியோரத்தை நாடினால் நிலம் தயார். எங்கேனும் நின்றால் அன்றே திருத்துக. கல் பதித்தபின் திருத்துவது இரட்டைச் செலவு. வழியும் ஜலத்தைக் கிணற்றுப் பக்கம் விடாமல், சிறு வாய்க்கால் வழியே வாழைக்குப் பாய்ச்சினால், நேற்றுவரை நோய் வளர்த்த கழிவு ஜலம் நாளை குலை தள்ள உதவும்.