வேலிக்காத்தான்

பெரணமல்லூர், பட்டுத்தறிக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். ஆயினும் இன்று நான் பேச வந்தது முள்ளைப் பற்றி. பட்டுக்கும் முள்ளுக்கும் ஓர் உறவு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

ஊர்ப்புறத்தே எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் கொல்லை இருக்கிறது. பாட்டனார் காலத்தில் அதிற் பாதி தோப்பு. புங்கும் வேம்பும் இலுப்பையும் அடர்ந்திருக்க, வரப்போரம் பனைகள் நின்றன. கால்நடைகள் நுழையாதிருக்க எல்லையில் ஒரு முள்மரத்தை நட்டார்கள். வேலியாய் நின்று காப்பதால் எங்கள் பக்கத்தில் அதற்கு வேலிக்காத்தான் என்று பெயர். சீமைக் கருவேலம் என்றும் சொல்வர். வேலியே பயிரை மேய்ந்த கதையை நீங்கள் அறிவீர்கள். அப்பழமொழியைச் சொன்னவர் இம்மரத்தைக் கண்டிருந்தால், பயிரோடு தோப்பையும் சேர்த்திருப்பார்.

இதன் தாயகம் மெக்சிகோ முதலான அமெரிக்கப் பகுதிகள். சென்னை மாகாணத்து வனத்துறையினர் ஜமைக்காத் தீவிலிருந்து விதை தருவித்து, 1877ஆம் ஆண்டில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைத்தனர். தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அது. மழை பொய்த்த நிலத்திலும் விறகு தரும் மரம் ஒன்று வேண்டும் என்று அவர்கள் கருதியதில் குற்றம் காண இயலாது. விறகு கிடைக்கத்தான் செய்தது, இன்றும் கிடைக்கிறது.

இதன் காய் இனிப்பானது. ஆடு விரும்பித் தின்னும். சதை செரித்துவிடும், கடினமான விதை செரிப்பதில்லை. ஆட்டின் வயிற்றில் அதன் தோல் சற்றே இளக, விதை புழுக்கையோடு வெளிவந்து, எருவும் தானுமாக நிலத்தில் அமர்கிறது. இதனினும் சிறந்த விதைப்பு முறையை எந்த வேளாண்மைக் கல்லூரியும் கற்பிக்காது. ஒருவர் நிலத்து மரம் இவ்வாறு மற்றொருவர் நிலத்தில் முளைக்கிறது. எல்லைக் கல்லை நாம் மதிக்கிறோம், ஆடு மதிப்பதில்லை.

வெட்டினால் ஒழியாதோ என்று கேட்பீர்கள். வேரும் தண்டும் கூடும் கழுத்துப் பகுதி மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அங்கே மொட்டுகள் உறங்குகின்றன. தரைக்கு மேலே வெட்டுவது அவற்றை எழுப்பிவிடுவதற்கு ஒப்பாகும். ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் கிளைக்கும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தனியார் நிலங்களிலும் இம்மரத்தை அகற்றவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆணையிட்டது. பொக்லைன் எந்திரங்கள் கொல்லைகளிற் புகுந்தன. அறிவியல் ஆய்வின்றி அகற்றலாகாது என்று சிலர் வழக்காட, அவ்வாண்டிலேயே இடைக்காலத் தடையும் வந்தது. பின்னர் 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்கள் குறித்த கொள்கை ஒன்றை வெளியிட்டது. இம்மரம் காற்றின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்று பலர் பேசினார்கள். இவற்றுக்குச் சான்று கிடையாது. உண்மையான கெடுதலே வேண்டுமளவு இருக்கையில் பொய்யைத் துணைக்கு அழைப்பானேன்? இதன் அடியில் பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை. ஏரியின் உட்புறத்தை இது முட்புதராக்கிவிடுகிறது. ஆழ ஓடும் வேரோ நிலத்தடி நீரைத் தேடிச் செல்கிறது.

எங்கள் தோப்பில் மூன்று ஆண்டுகளாக நாங்கள் கையாளும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டும். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்திருக்கும்போது, விரற்பருமனுள்ள கன்றுகளை வேரோடு பிடுங்குகிறோம். பெரிய மரமாயின், சுற்றிலும் ஒரு முழ ஆழம் கடப்பாரையால் தோண்டிக் கழுத்துக்குக் கீழே கோடரி இடுகிறோம். காய் பழுக்குமுன் இவ்வேலை முடிதல் வேண்டும். வெயிலை விரும்பும் இம்மரத்தின் கன்று நல்ல நிழலில் தேறாது. ஆதலால் குழியை வெறுமையாய் விடாமல் புங்கங்கன்று நடுகிறோம். மண்ணிற் புதைந்த விதை பல ஆண்டு உயிரோடிருக்கும். மழைதோறும் ஒருமுறை தோப்பைச் சுற்றி வராவிடில் பட்ட பாடெல்லாம் வீணே.

இனிப் பட்டின் உறவு. பட்டுக்குச் செந்நிறம் ஊட்டும் கோச்சினீல் என்னும் பூச்சி கள்ளியில் வாழ்வது. மெக்சிகோவில் ஸ்பானியர் வசமிருந்த அந்தச் சாயத்தைத் தாமும் பெறக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினர். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் சென்னை மருத்துவர் அதற்கெனச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றையே அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சி வந்தது. வந்ததோ வேறு இனம், சாயம் மட்டம். ஆனால் அது கள்ளியை உறிஞ்சிக் கொன்றது! புதராய்ப் பரவிய கள்ளியை ஒழிக்க 1836ஆம் ஆண்டையொட்டி அதனைத் தென்னாட்டுக்குக் கொணர்ந்தார்கள். அதற்கு அடங்காத மற்றொரு சப்பாத்திக் கள்ளி மிஞ்சியது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னோர் இனப் பூச்சியைத் தருவித்து விட்டபின் அதுவும் பெரிதும் அழிந்தது.

அவ்வாறே வேலிக்காத்தானுக்கும் ஒரு பூச்சியை விடலாகாதோ? தென்னாப்பிரிக்காவில் விதை தின்னும் வண்டுகளை விட்டிருக்கிறார்கள். இங்கே ஒரு தடை உண்டு. கோயில்களில் நாம் தலமரமாகப் போற்றும் வன்னி, இதற்கு நெருங்கிய உறவினம். ஒன்றைத் தின்னும் பூச்சி மற்றொன்றை விட்டுவைக்கும் என்று யார் உறுதி கூறுவது? கடப்பாரையே மேல் என்பது என் கருத்து.

கடப்பாரையாலும் ஆகாத ஒன்று இருக்கிறது. எங்கள் தோப்பையடுத்த பட்டா நிலத்துக்காரர் சென்னையில் வாழ்கிறார். நிலம் பத்து ஆண்டுகளாகத் தரிசு, முழுவதும் வேலிக்காத்தான். அங்கே மேயும் ஆடுகள்தாம் எங்கள் தோப்பில் விதைப்பவை. அதனை வெட்டிவிடும்படி எழுதலாமே என்று நினைத்த நாளில், அந்நிலத்தில் விறகு ஒடித்து விற்றுப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "வாத்தியாரய்யா, அதையும் பிடுங்கிட்டா நான் எதை வெட்டறது?" என்றார். நீதிமன்றத்தில் எழுந்த கேள்விகளுள் ஒன்றும் எனக்கு இவ்வளவு கடினமாய்த் தோன்றவில்லை.

"ஆயா, எங்கள் எல்லையோரம் உள்ளவற்றை முதலில் காய்க்குமுன் வெட்டிக்கொள்ளுங்கள், அடிக்கட்டையை நாங்கள் தோண்டிவிடுகிறோம். அந்த இடத்தில் நாட்டுக் கருவேலும் புங்கும் வைப்போம். அவை விறகுக்கு வரும்வரை உட்புறத்து மரங்கள் நிற்கட்டும்," என்றேன். அவர் சற்று நேரம் கணக்குப் பார்த்துவிட்டுச் சரி என்றார். நிலத்துக்காரருக்கு இதனை எழுதியிருக்கிறேன். பொங்கலுக்கு ஊர் வருவதாக விடை வந்திருக்கிறது. வேலிக்காத்தானைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.